பசிக்காகக் குடித்த பால்

செய்தி வந்தபோது பிற்பகல் மூன்றேகால். அக்கா பானுமதி போனில் அழவில்லை. "மாமா போயிட்டாருடா" என்று மட்டும் சொன்னாள்.

அக்கா வீட்டுக்காரர் அர்ச்சுனன் மாமா விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனியில் அச்சு வார்ப்பவர். கூழாகக் கரைத்த களிமண்ணை அச்சில் ஊற்றுவார். அச்சு ஈரத்தை உறிஞ்ச, மண்கூழ் மெல்ல உள்ளே இறங்கும். இறங்க இறங்க மேலே ஊற்றி நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் பொம்மை மூளியாகிவிடும். கல்யாணப் பந்தியிலும் மாமா அப்படித்தான். பக்கத்து இலையில் சாம்பார் குறைந்தால், பரிமாறுகிறவரிடம் வாளியை வாங்கி அவரே ஊற்றுவார்.

போன வருடம் வயிற்றில் புற்றுநோய் என்றார்கள். புதுச்சேரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தால் சோற்றைப் பார்த்தாலே குமட்டும். எடை இன்னும் குறைந்தால் அடுத்த ஊசி போட முடியாது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு அந்த வீட்டில் ஒரே கவலைதான்: அவர் எப்படியாவது சாப்பிட வேண்டும்.

அதே கம்பெனியில் சூளை அடுக்கும் பழமலை ஒருநாள் சட்டைக்குள் ஒரு பொட்டலத்தோடு வந்தார்.

"கொஞ்சூண்டு பால்ல காய்ச்சிக் குடு தங்கச்சி. எங்க சித்தப்பாவுக்கு இதான் பசியெடுக்க வச்சிது."

"போலீசு புடிச்சா யாருண்ணா பதில் சொல்றது?" என்றாள் அக்கா.

மாமா சிரித்தார். "கஞ்சா குடிக்க சாமியாராட்டம் தாடி வேணும்டா பழமல. எனக்குப் புருவமே கொட்டிப்போச்சு."

குடித்தார். அன்று சாயங்காலம் ரசம் சோறு சாப்பிட்டார், வாந்தி வரவில்லை. அடுத்த நாள் மீன்குழம்பு கேட்டார். அவர் முள்ளெடுத்துச் சாப்பிட்டதை அக்கா போனில் இரண்டு தடவை சொன்னாள். டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்றேன்.

"சொன்னா ஊசியே வேணாம்னு அனுப்பிடுவாங்கடா. சாப்புடறாரு, விடு."

அடுத்து வந்த பொட்டலம் வேறு இடத்துச் சரக்கு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. வலி மாத்திரை போட்டுக்கொண்டு, அந்தப் பாலையும் குடித்துவிட்டுப் பசிக்காகக் காத்திருந்தார் மாமா. அரைமணி நேரமாகியும் பசிக்கவில்லை.

"எறங்கிப்போச்சு போல பானு. மேல ஒரு டம்ளர் ஊத்து."

அக்கா ஊற்றினாள்.

கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடக்கிறது என்றார். எழுந்தவர் சரிந்தார். நினைவில்லாமலே வாந்தி எடுத்தார். அது மூச்சுக்குழாயில் இறங்கிவிட்டது. ஆட்டோவில் தூக்கிப் போனார்கள். என்ன கொடுத்தீர்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு அக்கா "பாலு" என்றாள். மறுபடி கேட்டபோதும் அதையே சொன்னாள். பின்னால் வந்து சேர்ந்த பழமலைதான் உண்மையைச் சொன்னார். மாமா பிழைக்கவில்லை.

"இதுலேருந்து எடுத்த மருந்த, ஊசியால வர்ற குமட்டலுக்கு சில நாட்டுல அளந்து குடுக்கறாங்க," என்றாராம் டாக்டரம்மா. "பொட்டலத்துக்கு அளவு ஏதும்மா? வயித்துக்குள்ள போனா ஏறவே ஒரு மணி, ரெண்டு மணி நேரம் ஆவும். அதுக்குள்ள மேல மேல குடுத்தா? அதுவும் இந்த மாத்திரையோட?"

"இதாலதான் போனாரா?"

"இதால மட்டுந்தான்னு சொல்ல முடியாதும்மா. இல்லன்னும் சொல்ல முடியாது."

காரியம் முடிந்தும் அக்கா அதே கேள்வியை என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவரைச் சாப்பிட வைத்தது அந்தப் பால்தான் என்று மட்டும் சொல்கிறேன்.

அன்று அந்தப் பாலைக் குடிக்கும் முன், மறுநாள் காலைக்கு மாமா இட்லி கேட்டிருந்தார். அதற்காக அக்கா ஊறப்போட்ட அரிசியும் உளுந்தும் அரைக்கப்படவே இல்லை.