எரிச்சல் நின்ற கால்

கலசப்பாக்கத்துக்கு வெளியே ஆற்றோரமாக இருந்த அந்த வைத்தியக் கொட்டகையை விட்டு நான் நடக்கத் தொடங்கி அரை மணி ஆகியிருந்தது. காலை ஏழு மணி வெயில் முதுகில் விழுந்தது. சட்டைப் பையில் மாத்திரை அட்டை அப்படியே இருந்தது. அதை அங்கே விட்டுவிட்டு வருவதற்குத்தான் முந்தின நாள் போயிருந்தேன்.

கொட்டகை வாசலில் ஒரு பெரிய மண்பானை வைத்திருந்தார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் தங்கள் இங்கிலீஷ் மாத்திரையை அதில் போட்ட பிறகுதான் உள்ளே போக வேண்டும். பானை முக்கால்வாசி நிறைந்திருந்தது. ஒரு மண்டலத்துக்கு நானூறு ரூபாய்க்குச் சூரணம். தின்று முடித்தால் ஆயுசுக்கும் மருந்து வேண்டாம், சோற்றை வயிறாரச் சாப்பிடலாம் என்பது பேச்சு.

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. நான் ஓரிடத்தில் தங்குகிறவன் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, லாரி ஷெட், செங்கல் சூளை, கரும்பு வெட்டு என்று கிடைத்த இடத்தில் கிடைத்த வேலையைப் பார்த்தவன். வேலூரில் சர்க்கரை என்று சொன்ன நாளிலிருந்து, மாத்திரை தீரும்போதெல்லாம் அதே ஆஸ்பத்திரி வரிசைக்குத் திரும்பி வந்து நிற்க வேண்டியிருந்தது. எனக்கு நோயைவிட அந்த வரிசைதான் பாரம்.

இருந்தும் பானைக்கு மேலே கை நின்றுவிட்டது. பானைக்குக் காவல் இருந்தவர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"நம்பிக்கை இல்லன்னா ஆரணிக்குப் போயி, பட்டு நெய்யற சபாபதியக் கேட்டுப் பாருய்யா. கால் எரிச்சல்ல தூக்கம் இல்லாம கெடந்த ஆளு. இப்ப ராஜா மாதிரி தறி ஓட்டிகினு கீறாரு."

யாரும் போய்ப் பார்க்கமாட்டார்கள் என்றுதான் அப்படிச் சொல்லியிருப்பார். நான் போவதென்று முடிவு செய்தேன். அந்த மனிதர் நன்றாக இருந்தால் திரும்பி வந்து மாத்திரையைப் பானையில் போடுவது, இல்லையென்றால் இல்லை.

போளூர் வரை பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். பாதி தூரம் நடந்தேன். மீதிக்கு நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர்காரர் இடம் கொடுத்தார். அவர் அம்மாவும் அந்தச் சூரணம்தான் தின்கிறார்களாம். குணமா என்று கேட்டேன். இனிப்புத் தின்னத் தைரியம் வந்திருக்கிறது, அதுவரைக்கும் தெரியும் என்றார்.

போளூரிலிருந்து ஆரணிக்குப் பஸ் நாலரை ரூபாய். ஜன்னலுக்கு வெளியே வேர்க்கடலைக் கொல்லைகளும் மொட்டைப் பாறைக் குன்றுகளும் மாறி மாறி வந்தன. பதினொரு மணிக்கு இறங்கினேன். பஸ் ஸ்டாண்டைத் தாண்டி நெசவாளர் தெருக்களில் நுழைந்ததும் இரண்டு விதமான சத்தம். ஒரு பக்கம் பவர்லூம், மூச்சு விடாமல் ஓடுகிறது. இன்னொரு பக்கம் கைத்தறி, மனிதன் நிறுத்தினால் நிற்கிறது. ஆவணி முகூர்த்தம் நெருங்கியிருந்ததால் எல்லா வீட்டுத் தறியும் ஓடியது. தரைக்குள் குழி வெட்டி, அதற்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, மிதிகளை மாற்றி மாற்றி அழுத்தி நெய்கிறார்கள். வழி கேட்க மூன்று நான்கு வீடுகளில் எட்டிப் பார்த்தேன். நெய்கிறவர்களின் கண் துணியில் இருந்தது. கால் தன்பாட்டுக்கு வேலை செய்தது.

சபாபதி வீட்டில் என்னை யாரென்று கேட்கவே இல்லை. அவர் மனைவி மல்லிகா ஒரு சொம்புத் தண்ணீரை வைத்துவிட்டு, "சூரணமா?" என்றாள். என்னைப்போல் பலர் வந்து போயிருக்கிறார்கள்.

சபாபதிக்கு ஐம்பது வயதிருக்கும். தறியில் இருந்தபடியே உற்சாகமாகப் பேசினார். இரண்டு வருஷம் உள்ளங்கால் நெருப்பாக எரிந்ததாம். ராத்திரியெல்லாம் ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு கிடந்தாராம். சூரணம் தொடங்கிய இரண்டாவது மாதத்தில் எரிச்சல் துளிகூட இல்லை. மாத்திரையை விட்டு ஆறு மாதம் ஆகிறது.

"யார் வந்தாலும் இதான் சொல்றேன். நீங்களும் ஜல்தியா ஆரம்பிச்சிடுங்க அண்ணே. அந்த மாத்திரைங்கள தின்னுகினு ஏன் பேஜார்?"

முகத்தில் பொய் இல்லை. என் கை சட்டைப் பைக்குப் போனது. அப்போதுதான் கவனித்தேன். ஒவ்வொரு மிதிக்கும் அவர் குனிந்து காலைப் பார்த்தார். பார்த்து, வைத்து, அழுத்தினார். அந்தத் தெருவில் வேறு யாரும் அப்படி நெய்யவில்லை.

ஏன் குனிகிறீர்கள் என்று கேட்டேன். பழக்கம் என்றார். தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவை, சேலைக் கரைக்கு நூல் ஓட்டும் கூர்முனைக் கட்டையை, தள்ளிக்கொண்டிருந்த மல்லிகா தலை நிமிராமல் சொன்னாள்:

"எந்தப் பழக்கம்? நாலு மாசமாத்தான் குனியறாரு. போன ரெண்டு சேலையும் இழை தப்பிப் போச்சுன்னு மொதலாளி திருப்பி அனுப்பிட்டாரு. இவரு நூல் சரியில்லன்னு நூலத் திட்டிகினு கீறாரு."

எனக்கும் கால் எரியும். எனக்கு மருந்து கொடுத்த நர்ஸம்மா, எரிச்சல் தானாக நின்றால் சந்தோஷப்படாதே, ஓடிவா என்று சொல்லியிருந்தார். அன்று அது எனக்கு விளங்கவில்லை. சபாபதியைக் குழியை விட்டு மேலே வரச் சொல்லி, கண்ணை மூடச் சொன்னேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே மூடினார். ஓரமாகக் கிடந்த நாடா ஒன்றை எடுத்து, அதன் இரும்பு முனையால் அவர் பெருவிரலைத் தொட்டேன். பிறகு நடுவிரலை. பிறகு குதிகாலை.

"எந்த இடம், சொல்லுங்க."

"மொதல்ல தொடுங்க அண்ணே, சொல்றேன்."

மல்லிகாவின் கையில் நாடா நின்றது. அவள் எழுந்து வந்து அவருடைய வலது காலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். சுண்டுவிரலுக்குக் கீழே மிதிகட்டையின் சிராய் ஒன்று முழுசாக உள்ளே போயிருந்தது. சுற்றிலும் கறுத்து, அமுக்கினால் நீர் வந்தது. எத்தனை நாளாக இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது.

அவர் கண்ணைத் திறந்து அந்தக் காலை வேறு யாருடையதோ போலப் பார்த்தார். பிறகு, "என் பேச்சக் கேட்டுப் போனவங்க இருக்காங்களே," என்றார்.

"அவங்களுக்கு அப்புறம் சொல்லலாம். எழுந்திரு மொதல்ல," என்றாள் மல்லிகா.

அவர் மறுத்தார். சேலை பாதியில் நிற்கிறது, முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டும், இன்னும் நாலு நாள் என்றார். நாலு நாளில் கால் என்ன ஆகும் என்று அவள் கேட்கவில்லை. நெய்து முடித்த பக்கத்தின் மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு மூடினாள். அவர் என் தோளைப் பிடித்து எழுந்தார். பக்கத்து வீட்டு சைக்கிளின் பின்சீட்டில் அவரை உட்கார வைத்து, கால் தரையில் படாமல், அரசு ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனோம்.

டாக்டரம்மா திட்டவில்லை. சிராயை எடுத்து, ரத்தம் பார்த்து, படுக்கையில் சேர்த்தார். எரிச்சல் நின்றது குணமானதால் இல்லை, கால் மரத்துப்போனதால், ஒரு விரல் போகலாம், இன்னும் தாமதித்திருந்தால் பாதமே போயிருக்கும், மாத்திரையும் ஊசியும் இனி நிறுத்தக் கூடாது என்றார். தினமும் உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லி மல்லிகாவுக்குக் காட்டிக்கொடுத்தார். அவள் இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். கிளம்பும்போது சபாபதி என் கையைப் பிடித்து, அந்தக் கொட்டகைப் பக்கம் போனால் தன் பேரை இனி சொல்லக் கூடாதென்று சொல்லிவிட்டு வரச் சொன்னார். நான் போவதாக இல்லை என்றேன். கொஞ்சம் யோசித்தார். "அப்ப நானே போறேன். கால் ஆறட்டும். அந்தப் பானை பக்கத்துல உக்காந்துகினு காட்டறேன்," என்றார்.

அன்று பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். காலையில் வேலூர் பஸ் நின்றது. ஏறவில்லை. மாத்திரை வாங்கிக்கொள்ள ஆரணியிலும் ஆஸ்பத்திரி இருக்கிறது என்பது இத்தனை நாள் எனக்குத் தோன்றாமல் போன சின்ன விஷயம். ஒரு மாத்திரையை டீக்கடைத் தண்ணீரில் விழுங்கிவிட்டு மல்லிகா வீட்டுக்கு நடந்தேன்.

அவள் புருஷன் இடத்தில் குழிக்குள் இறங்கியிருந்தாள். பக்கத்தில் கரை நாடா தள்ள ஆள் இல்லை. முகூர்த்தச் சமயத்தில் தெருவில் சும்மா இருக்கிறவர் யாரும் இல்லை. எனக்கு நெசவு தெரியாது, சொல்லிக் கொடுத்தால் செய்வேன் என்றேன். சேலை முடியும்வரை சாப்பாடும் நாளுக்கு முப்பது ரூபாயும் என்றாள். ஒத்துக்கொண்டு உட்காரப் போனேன்.

"இருங்க அண்ணே," என்றாள். "மொதல்ல ரெண்டு காலையும் காட்டுங்க."

வாசல் வெளிச்சத்தில் நீட்டினேன். விரல் இடுக்கு ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தாள். நாடாவின் முனையை எடுத்துக் குதிகாலில் வைத்தாள்.

"தெரியுதா?"

"குத்துது," என்றேன்.

நாடாவை என் கையில் கொடுத்தாள்.