எர்வினின் துப்பாக்கியில் வேறு எண்

எர்வின் சால்ஃபிஸ்பெர்க் தபால் பேருந்து ஓட்டிய காலத்தில் எம்மென்டால் மலைப்பாதைப் பண்ணைக்காரர்கள் அவரைப் பார்த்துத்தான் கடிகாரத்தைத் திருத்தி வைத்தார்கள். மூச்சிரைக்க ஓடி வருகிறவருக்காகக்கூட நிற்கமாட்டார், அப்படியொரு கறார் பேர்வழி. கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டால், "பஸ் ஓட்டுறவனுக்கு ஏதுய்யா நேரம்?" என்பார். லீவு நாளில் என்ன செய்தார் என்று யாரும் குடைந்து கேட்டதில்லை.

ஓய்வு பெற்ற கையோடு பரணில் ஏறி, அப்பாவின் பழைய ராணுவத் துப்பாக்கியை இறக்கினார். இளவட்டமாக இருந்தபோது ஊர்த் துப்பாக்கிச் சங்கத்தில் அதை வைத்துச் சுட்டவர்தான். பேருந்துச் சாவி கைக்கு வந்ததும் பரணில் போட்டதோடு சரி. இப்போது பார்க்கச் சகிக்கவில்லை. கட்டையெல்லாம் பள்ளம், குழல் வாயில் துரு, வார்க் கொக்கியைக் காணோம். மனுஷன் விடுவாரா? பள்ளத்தின் மேல் ஈரத்துணியைப் போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினார். ஆவியில் மரம் உப்பி மேலே வந்தது. ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் தேய்தேய் என்று தேய்த்ததில் வீடே செக்கு மாதிரி மணத்தது. கொக்கி தூன் சந்தையில் கிடைத்தது. ஒரே ஒரு திருகாணிக்காக லூசெர்ன் வரை போனார். கட்டையின் பின்தகடு மாதிரி ஒன்றை யாரோ ஒரு பண்ணைக்காரர் தொழுவக் கதவில் அடித்து வைத்திருந்தார். எர்வின் முழுசாக ஒரு பாலாடைக்கட்டியைக் கொடுத்துவிட்டு அதைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

எல்லாம் மாட்டி, துடைத்து, கண்ணாடி போட்டுப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. குழலில் ஒரு எண், குண்டை உள்ளே தள்ளிப் பூட்டுகிற போல்ட்டில் வேறு எண்!

பட்டறையிலேயே இரண்டிலும் ஒரே எண்ணை அடித்து அனுப்பும் துப்பாக்கி அது. வேறு போல்ட் போட்டாலும் சுடும்தான். ஆனால் எர்வினுக்கு அது அடுத்தவன் பல்செட்டை வாயில் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. மே கடைசியில் வயல்வெளிச் சுடும் விழா, ஊரே வரிசையாகக் குப்புறப் படுத்து இலக்கைச் சுடும். எண் சேராமல் வரிசையில் படுக்கமாட்டேன் என்று சபதமே போட்டுவிட்டார்.

தூன் சந்தையில் பழைய ராணுவச் சாமான் விற்கிற பிங்கெலி வாய்விட்டுச் சிரித்தார்.

"அண்ணே, போல்ட் வேணும்னா ஒரு கூடை தர்றேன். உங்க நம்பர்லயே வேணும்னா பெத்துத்தான் குடுக்கணும்!"

"விளையாடாத பிங்கெலி. விழா வருது."

"உங்ககிட்ட இருக்கறது யாரோடதோ. அவங்ககிட்ட உங்களோடது இருக்கும். சங்கத்துல பக்கத்துல நின்னு துடைச்சது யாருன்னு பாருங்க. அதை விட்டுட்டு ஊரெல்லாம் அலையறீங்களே!"

சுருக்கென்று உறைத்தது. வியாழக்கிழமை பயிற்சி முடிந்து நீள மேசையில் எல்லோரும் துப்பாக்கி துடைத்துக்கொண்டிருக்க, எர்வின் ஒவ்வொரு குழலாகக் குனிந்து குனிந்து பார்த்தார். "என்ன எர்வின், டிக்கெட் செக்கிங்கா?" என்று ஒரே சிரிப்பு. மேசைக் கடைசியில் எல்ஸ்பெத்தின் துப்பாக்கி. பாலாடைக்கட்டி செய்துகொண்டிருந்த கணவர் ரூடி போய்ச் சேர்ந்த பிறகு தனியாக இருக்கிறவர், வருஷா வருஷம் சங்கக் கோப்பையைத் தட்டிக்கொண்டு போகிறவர். அந்தக் குழலில் எர்வினிடம் இருந்த போல்ட்டின் எண். போல்ட்டில் எர்வினுடைய குழலின் எண். எர்வின் விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் எல்ஸ்பெத் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் துணியில் சுற்றிய போல்ட்.

"எல்ஸ்பெத், ஒரு தப்பு நடந்துபோச்சு. எப்பவோ துடைக்கறப்ப நம்ம போல்ட் ரெண்டும் மாறிப்போச்சு."

"மாறிப்போகல. நான்தான் மாத்தினேன்."

"என்னது?"

"நீ கடைசியா சுட்ட விழாவுல. அப்பல்லாம் பொம்பளைங்களை வரிசையில படுக்க விடமாட்டாங்க, துடைக்க மட்டும் கூப்பிடுவாங்க. எங்கப்பா துப்பாக்கியைத் துடைச்சிட்டிருந்தேன். நீ ஒயின் வாங்கப் போனே. உன்னோடதை உருவி, எங்களோடதைச் சொருகிட்டேன். நீதான் பெரிய கறார் ஆளாச்சே, நம்பரைப் பார்த்துட்டு சண்டை போடவாவது எங்க வீட்டுக்கு வருவேன்னு நெனச்சேன்."

எர்வினின் காது மடல் சிவந்துவிட்டது. "நான் பார்க்கவே இல்லியே..."

"எங்கே பார்த்தே? துரைக்குத்தான் பஸ் கெடைச்சுதே! ஜன்னல்ல நின்னு பார்ப்பேன். தினம் ரெண்டு தடவை எங்க வாசலைத் தாண்டிப் போனே, ஒரு தடவைகூட இறங்கல. அப்புறம் ரூடி வந்தார். நல்ல மனுஷன். அவருக்குக் கதவைத் தட்டத் தெரிஞ்சுது."

எல்ஸ்பெத் காபி வைத்தார், கொஞ்சம் சாராயமும் ஊற்றினார். எர்வினுக்கு அழுகை வரும்போல இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டையும் எங்கே வைப்பதென்று தெரியாமல், தெரிந்த ஒன்றைச் சொன்னார்.

"அப்ப என் போல்ட்டைக் குடு. ஞாயித்துக்கெழமை விழா."

"அட மண்டு!" எல்ஸ்பெத் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "குடுக்கமாட்டேன் போ. வாங்கினதும் கெளம்பிடுவே."

எர்வின் காபியைக் குடித்து முடித்தார். கையிலிருந்த போல்ட்டைத் துணியோடு மேசையில், எல்ஸ்பெத் பக்கமாகத் தள்ளினார்.

"சரி, அதுவும் வேணாம், இதுவும் வேணாம். துப்பாக்கியையே இங்க கொண்டாந்துடறேன். ஒரே வீட்டுல இருந்தா நம்பர் சரியாத்தானே இருக்கும்?"

எல்ஸ்பெத் அவர் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினார். பிறகு, "துப்பாக்கி மட்டுமா வருது?" என்றார்.

"நானும்தான்."

ஞாயிற்றுக்கிழமை எர்வின் எல்ஸ்பெத்துக்குப் பக்கத்தில் படுத்துச் சுட்டார், எண் சேராத அதே போல்ட்டோடு.