சிப்பி வாசமுள்ள ஷாப்ளி

வாயில் வைக்காத சரக்கை வாயால் விற்பதுதான் என் தொழில். உங்களிலும் அப்படிப் பிழைப்பவர்கள் இருப்பீர்கள். என் கஷ்டம் புரியும்.

மதுவைத் தொடமாட்டேன் என்று எங்கள் ஊர் நாசரேத் கோவிலில் கையெழுத்துப் போட்டவன் நான். நாற்பதாம் வருஷம், தூத்துக்குடியில் கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் கடையில் ஒயின் அலமாரியை என்னிடம் ஒப்படைத்தார்கள். குடிக்காதவன் கையில் சரக்கு குறையாது என்று முதலாளி நினைத்தார். போர் முற்றியதும் கப்பல்கள் குறைந்தன. பிரெஞ்சு வெள்ளை ஒயின் அப்படியே தேங்கியது. தை மாதம் எனக்குக் கல்யாணம்; வேலை இருந்தால்தான் பெண். முதலாளி சொன்னார்:

"கிறிஸ்மஸுக்குள்ள இது தீரலன்னா, நாசரேத்துக்கு வண்டி ஏறிரு."

ஒரே தாய்ப் பிள்ளைகள்

ருசி சொல்லிக் கொடுத்தவர் புன்னைக்காயல் சூசை, துரை பங்களா பட்லர். ஷார்டனே என்ற ஒரே திராட்சையில் இரண்டு ஒயின்கள். குளிர்ப் பிரதேசத்து ஷாப்ளியில் பச்சை ஆப்பிள், எலுமிச்சை, நனைந்த கல், சிப்பி ஓடு. மரப் பீப்பாயில் ஊறிய மெர்சோவில் வெண்ணெய், வறுத்த முந்திரி. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். ஒரே பழத்தில் இவ்வளவு வித்தியாசமா என்று கேட்டேன்.

"ஒரே தாய் வயித்துல பொறந்த நானும் எந்தம்பியும் ஒரே மாதிரியாவா இருக்கோம்?"

வெண்ணெய், முந்திரி

கலெக்டர் விருந்துக்காக ஸ்ரீவைகுண்டத்துப் பண்ணையார் வந்தார். மெர்சோவின் ருசியை உருகி உருகி வர்ணித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்தார்.

"வெண்ணெயும் முந்திரியும் எங்க கோயில் மடப்பள்ளியிலயே இருக்கு. இதுக்கு எதுக்குவே கப்பல்?"

சிப்பி வாசம்

அடுத்து வந்தவர் சங்கு வியாபாரி ஆறுமுகம் அண்ணாச்சி. கிறிஸ்மஸுக்குக் கப்பல் கம்பெனி ஏஜெண்டு துரைக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமாம். ஷாப்ளியை எடுத்து நீட்டி, "இதில் சிப்பி வாசம் வரும்" என்றேன் பெருமையாக.

அவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. முத்துக்குளிப்புக் காலத்தில் சிப்பியை ஏலம் எடுத்தவர் அவர். குவித்த சிப்பி அழுகி, ஈ மொய்த்து, புழு தின்று தீர்த்த பிறகுதான் அலசி முத்தெடுப்பார்கள். நாற்றம் ஊரையே தூக்கும். அதை அனுபவித்தவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறேன்! ஒரே ஒரு மெர்சோவோடு கிளம்பினார். என் கல்யாணமும் அவரோடு படியிறங்கியது போலிருந்தது.

"ஏலே, அந்த நாத்தத்துல முத்து கெடைக்கும்னு மூக்கப் பொத்திக்கிட்டு நின்னோம். இதுல என்னலே கெடைக்கும்?"

துரையின் மூக்கு

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் அண்ணாச்சி வேகமாகத் திரும்பி வந்தார். மெர்சோவை வாங்கிக்கொண்ட துரை, ஷாப்ளி கிடைத்தால் விடாதே என்றாராம். பயந்து பயந்து அந்தச் சிப்பி வாசத்தையும் சொல்லியிருக்கிறார் அண்ணாச்சி. துரை நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாராம். அண்ணாச்சியைக் கட்டிக்கொள்ளலாம் போல எனக்குச் சந்தோஷம்.

"அந்த நாத்தந்தான் வேணுமாம்லே! இருக்குற அத்தனையையும் கட்டு!"

இப்படியாக, ஒரு சொட்டும் தொடாமலே, அழுகின சிப்பியின் புண்ணியத்தில் நான் குடும்பஸ்தனானேன்.