நாறுற வாயி ஒண்ணு வேணும்

பல் டாக்டர் படிப்புல புஸ்தகம் கெடச்சிடும், பேஷண்ட்டுதான் கெடைக்க மாட்டான். பரீட்சையில கிளீன் பண்ணிக் காட்ட வேண்டிய அழுக்கு வாயை நாமளே தேடிப் புடிச்சுக் கூட்டினு போவணும். இல்லாங்காட்டி பெயிலு. இந்தக் கொடுமைய அனுபவிச்ச ஜனங்களே, உங்களாண்டதான் பேசுறேன்.

காசிமேட்டுல

மீன் புடிக்கிற லாஞ்சுல வேலை செய்ற ஏழுமலை அண்ணன் எங்க தெருதான். அவரு சிரிச்சாலே நான் நவுந்துக்குவேன். "அண்ணா, உன் வாயி நாறுது, பரீட்சைக்கு வா"ன்னு நேராவே கேட்டேன்.

"மீன் புடிக்கிறவன் வாயி மல்லிப்பூவாட்டமா மணக்கும்?"

வுடுவேனா? "மீன் மேல பழி போடாத! அது கையில நாறும். உன் வாயில நாறுறது ஈறோரம் கல்லாட்டம் புடிச்ச காறையும், நாக்கு மேல படிஞ்ச வெள்ளையும்!" மீன் ஏலம் போட்டுகினு இருந்தவங்கல்லாம் திரும்பிட்டாங்க. அவரு வாயைப் பொத்திகினே சொன்னாரு: "வரேம்மா, மைக்கு ஒண்ணுதான் வெக்கல நீ!"

மளிகைக் கடையில

ஒருத்தரையே நம்ப முடியுமா? திருவொத்தியூர் மளிகைக் கடை அண்ணாச்சியையும் கேட்டேன். நாள் பூரா கிராம்பு மெல்லுறவரு.

"அது நாத்தத்துக்குப் போர்வை அண்ணாச்சி! நாக்கை வழிக்கிறீங்களா? பல்லு இடுக்குல சுத்தம் பண்றீங்களா? தண்ணியாச்சும் குடிக்கிறீங்களா? வாயி காஞ்சாலும் நாறும்!"

சாமான் வாங்க நின்ன அக்காங்க சிரிச்சிட்டாங்க. அண்ணாச்சி ஒரு கிராம்பை என் கையில வெச்சாரு: "இதை மென்னுக்கிட்டு செத்த சும்மா இரு தாயி, யாவாரம் நடக்கட்டும்."

அதோட அவரு கட்.

பரீட்சை அன்னிக்கு

ஏழுமலை அண்ணன் சலவை சட்டையில வந்து உக்காந்தாரு. வாயைத் தொறந்தா பல்லெல்லாம் பளபளன்னு கீது! காறை ஒரு பொட்டு இல்ல.

"இன்னாண்ணா பண்ணே?"

"பெரிய டாக்டருங்க பாக்குற எடமாச்சே. உன் மானம் போவக் கூடாதுன்னு நேத்தே விம்கோ நகர்ல ஒரு டாக்டராண்ட கிளீன் பண்ணிகினேன்."

"என் வருஷத்தையே கிளீன் பண்ணிட்டியேண்ணா!" கத்திட்டேன். எக்ஸாமினரு பக்கத்து சேருக்கு வந்துட்டாரு. அண்ணன் மூஞ்சி சுருங்கிப் போச்சு. படக்குனு எழுந்து ஜன்னலாண்ட ஓடினாரு. துணைக்கு வந்த லாஞ்சு ஆளுங்க கீழ டீ குடிச்சிகினு இருந்தாங்க. வுட்டாரு ஒரு குரலு: "டேய், உங்கள்ல எவன் வாயி ரொம்ப கலீஜோ, அவன் மொதல்ல மேல வா! நம்ம பொண்ணு பாஸாவணும்!"

ஊர் பூரா வாயைக் கழுவச் சொல்லிக் கத்துற நானு, படியேறி முந்தியடிச்சு ஓடியாந்த அத்தினி நாத்தத்தையும் சாமியே நேர்ல வந்தாப்புல கையெடுத்துக் கும்பிட்டுத்தான் பாஸானேன்.