அவள் கிழித்துப் போட்ட பக்கம்

மூன்று வருஷங்களுக்கு முன்பு ஒரு மே மாதம். பெங்களூர் காக்ஸ் டவுனில் உள்ள ஒரு பள்ளிக்கு இன்டர்வியூவுக்குப் போயிருந்தேன். விவேக் நகரில் நான் வேலை பார்த்த சின்னப் பள்ளியை அந்த வருஷத்தோடு மூடிவிட்டார்கள். கணவருக்கும் அப்போது நிலையான வேலை இல்லை. எப்பாடுபட்டாவது இந்த வேலையை வாங்கிவிட வேண்டும் என்ற தவிப்பில் இருந்தேன்.

ஆசிரியர் வேலைக்கு இன்டர்வியூ என்றால் சான்றிதழோடு பிள்ளைகளின் நோட்டுப் பக்கங்களையும் ஃபைலில் செருகிக்கொண்டு போவது எங்களுக்கு வழக்கம். கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அனுபவம் உண்டா என்ற கேள்வி இப்போதெல்லாம் கட்டாயம் வரும். அதற்காகவே என் பழைய மாணவி ஒருத்தியின் இரண்டு பக்கங்களை வைத்திருந்தேன். எழுத்துகளை இடம் மாற்றி மாற்றி எழுதுவாள் அவள். தினமும் பள்ளி விட்டதும் தட்டில் ரவையைப் பரப்பி, விரலால் எழுத வைத்து இரண்டு வருஷம் பழக்கினேன். மூன்றாம் வகுப்பில் கோணல்மாணலாக எழுதிய பக்கம் ஒன்று, ஐந்தாம் வகுப்பில் பிழையில்லாமல் எழுதியது ஒன்று. இதைப் பார்த்தால் அசந்துபோவார்கள் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

எதிர்பார்த்த கேள்வி வந்தது. மடமடவென்று எல்லாவற்றையும் சொல்லி ஃபைலை நீட்டினேன். தலைமை ஆசிரியை நிதானமாகப் பார்த்தார். பக்கத்தின் மேலே அவள் பெயர் முழுசாக இருந்தது. அதைக் கையால் மறைத்துக்கொண்டு, “இதக் காட்டலாமான்னு அந்தப் பொண்ணு வீட்ல கேட்டீங்களாம்மா?” என்றார்.

அப்படிக் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றியதில்லை. ஆனால் வாய் முந்திக்கொண்டது. “கேட்டேன் மேடம்.”

அவர் முகம் மலர்ந்தது. அந்த வாரமே போன் வந்தது, திங்கட்கிழமை வந்து ஆர்டர் வாங்கிக்கொள்ளச் சொல்லி.

சொன்ன பொய்யை எப்படியாவது மெய்யாக்கிவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை அந்த மாணவியின் வீட்டுக்குப் போனேன். இன்டர்வியூவில் பக்கங்களைக் காட்டியதைச் சொல்லி, பரவாயில்லையா என்று கேட்டேன். அவள் அம்மா ஒரு அபார்ட்மென்டில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்பவர். “இதுக்குப் போயி கேக்கணுமா மிஸ்? உங்களாலதானே அவ படிக்கிறா. யாருக்கு வேணா காட்டுங்க” என்று டீ போட எழுந்துவிட்டார். அப்பாடா என்றிருந்தது.

அந்தப் பெண் ஃபைலை வாங்கித் திறந்தாள். மூன்றாம் வகுப்புப் பக்கத்தைப் பார்த்தபடி அப்படியே நின்றாள்.

“இத ஏன் மிஸ் காட்டுனீங்க? இப்பதான் நான் நல்லா எழுதறேனே?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வகுப்பே சிரித்ததால் அன்று அவள் கிழித்துக் கசக்கி எறிந்த பக்கம் அது. இதை இனி யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அவளைச் சமாதானப்படுத்தி, நான்தான் பொறுக்கி வைத்திருந்தேன். ‘தப்பு என்னுதுதாம்மா’ என்று சொல்லிப் பக்கத்தை அவளிடமே கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், ஆனால் நான் கிளம்பும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் தலைமை ஆசிரியையிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “அன்னிக்கே இல்லன்னு சொல்லியிருந்தா உங்கள வேலைக்கு எடுத்திருப்பேன்மா” என்றார். மேஜை மேல் இருந்த ஆர்டரை டிராயரில் வைத்துவிட்டார்.

நாலு மாதம் வேலை இல்லாமல் திண்டாடி, பிறகு வேறொரு பள்ளியில் சேர்ந்தேன். அங்கேயும் கற்றல் குறைபாடு பற்றிய அதே கேள்வியைக் கேட்டார்கள். ரவைத் தட்டைப் பற்றிச் சொன்னேன், நான் செய்த தவறையும் சொன்னேன், அவள் யார் என்று மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு குழந்தை கூனிக்குறுகி நின்ற நாளை என் திறமைக்கு அத்தாட்சியாக நீட்டினேனே என்ற வெட்கம் மட்டும் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை, போகவும் கூடாது.