கண்ணாடிக் கடை மாடியில் மூன்றாவது கண்

பழங்காநத்தத்தில் என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு நேர் மேலே அருள்பாண்டி மூன்றாவது கண்ணைத் திறக்கும் வகுப்பு நடத்தினான். இதைவிட ஒரு கேவலம் எனக்கு வேண்டியதில்லை. கீழே நான், இருக்கிற இரண்டு கண்ணுக்கே பவர் பார்த்து ஃப்ரேம் மாட்டி, மூக்கில் சரியாக உட்காரவில்லை என்று வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பேன். மேலே அவன், பார்ப்பதற்குக் கண்ணே தேவையில்லை என்று மைக்கில் முழங்கிக்கொண்டிருப்பான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் என் கடைக்கு வருகிறவர்களைவிட படியேறிப் போகிறவர்கள்தான் அதிகம்.

ஆள் உசிலம்பட்டிப் பக்கம் உழுது பிழைக்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளாது. பல வருஷம் மெடிக்கல் ரெப்பாக இருந்தான். கறுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு திருமங்கலம், டி. கல்லுப்பட்டி, உசிலம்பட்டி என்று பைக்கில் சுற்றுவான். டாக்டர் கூப்பிடும்வரை சும்மா இருக்க முடியாமல் மேஜையில் கிடக்கும் தடித்தடி புத்தகங்களைப் புரட்டப் போக, உடம்பில் உள்ள ஒவ்வொன்றுக்கும் அந்தப் பெயர் எப்படி வந்தது என்கிற பைத்தியம் பிடித்துக்கொண்டது. டீக்கடையில் நின்றால் கிளாஸ் ஒரு கையில், அடுத்தவன் கால் இன்னொரு கையில்.

"இதுக்கு ஏண்ணே கெண்டைக்கால்னு பேரு? சதை கெண்டை மீனு மாதிரி இருக்குல்ல. ரோமாபுரிக்காரன் மீனப் பாக்கல, தோலுக்கடியில சுண்டெலி ஓடுதுன்னான். மசில்னா சுண்டெலிதாண்ணே!"

காலை விடுவித்துக்கொண்டால் கழுத்துக்கு வருவான். காறை என்ற நகை படிகிற இடம் நமக்குக் காறை எலும்பு, ரோமாபுரிக்காரனுக்கு அதே எலும்பு ஒரு குட்டிச் சாவி. கேட்கிறவன் டீயை ஆறவிட்டு நிற்பான். எனக்கு எரிச்சலாக வரும், ஆனாலும் கேட்பேன். அவன் சொல்லும்போது முகத்தில் வருகிற சந்தோஷம் அப்படி.

மேனேஜரோடு சண்டை போட்டு வேலையை விட்டான். தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்றான், காளான் வளர்த்தான், இடம் வாங்கி விற்கும் புரோக்கராக அலைந்தான். எதிலும் ஒட்டவில்லை. தூக்கமும் போயிற்று. கண் இரண்டும் கோவைப்பழமாக, காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போதே வந்து நிற்பான். அப்படி ஒரு நாள் வந்தவன்தான், ஏதோ வெளியூர்க் கம்பெனி பினியல் சுரப்பியைத் தூண்டிவிடும் பயிற்சிக்கு ஆள் எடுப்பதாகச் சொல்லி என் மாடியைக் கேட்டான். நானும் கொடுத்துத் தொலைத்தேன்.

மூளைக்கு நடுவில் துவரம்பருப்பு அளவில் ஒரு சுரப்பி. இருட்டிவிட்டது, தூங்கு என்று உடம்புக்குச் சொல்வது அதன் வேலை. கம்பெனியோ அதுதான் நெற்றிக்கண் என்றது. பிள்ளைகளின் கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டி, அதைத் தூண்டிவிட்டால், அட்டையின் நிறத்தைச் சொல்வார்களாம், எழுத்தை வாசிப்பார்களாம். கம்பெனி கொடுத்த தமிழ்ப் புத்தகத்தில் 'பைன் என்றால் அன்னாசி. ஆகவே குழந்தைகளுக்குத் தினமும் அன்னாசிப் பழம் கொடுக்கவும்' என்று போட்டிருந்தது.

அருள்பாண்டிக்குத் தலைகால் புரியாத கோபம். என் கடையில் நின்றுகொண்டுதான் கம்பெனிக்காரனுக்கு போன் போட்டான்.

"யோவ், பைன் வேற, பைனாப்பிள் வேற. கொடைக்கானல்ல மரத்தடியில செதில் செதிலாக் காய் கெடக்கும்ல, அந்த வடிவத்துல இருக்குன்னு அந்தக் காலத்து வைத்தியன் வச்ச பேருய்யா அது. அன்னாசிக்கும் அதுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

அவன் கேட்கவில்லை. இவன் தன் செலவில் அதைத் திருத்திப் புதிதாக அச்சடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தான்.

"பேரு சரி. அது கண்ணத் திறக்குமாடா?" என்று கேட்டேன்.

"ஓணானுக்கு உச்சந்தலைல நெசமாவே மூணாவது கண்ணு இருக்குண்ணே."

"நாம என்ன ஓணானா?"

சிரித்துக்கொண்டே படியேறிவிட்டான். பெயரில் துளி பொய் இருந்தால் தாங்கமாட்டான், பொருளில் மலையளவு இருந்தாலும் தாண்டிப் போய்விடுவான். கண்ணைக் கட்டிய பிள்ளைகள் எப்படி வாசிக்கிறார்கள் என்று அவன் ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை. பார்த்தால் தெரிந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும்.

இந்த நேரத்தில்தான் அழகம்மாள் வந்தாள். உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கத்துக் கிராமம், மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள். கையில் பிடித்திருந்த மகள் அஸ்வினிக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும். கண் தெளிவாக, அழகாகத்தான் இருந்தது. நான் விரலை ஆட்டிப் பார்த்தேன். கண் அசையவில்லை. பிறவியிலேயே பின்னால் நரம்பு வேலை செய்யவில்லை என்று பெரிய டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்களாம்.

"கண்ணாடியால ஆகாதும்மா" என்றேன்.

"கண்ணாடிக்கு வரல சார். ரெண்டும் போனா என்ன, மூணாவது ஒண்ணு இருக்காம்ல? போர்டுல போட்டிருக்காகன்னு ஊர்ல சொன்னாக."

நானே கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனேன். இன்றைக்காவது உண்மையைச் சொல்கிறானா பார்ப்போம் என்ற ஆத்திரம்.

அருள்பாண்டி விஷயத்தைக் கேட்டதும் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்க ஆரம்பித்தான். நடந்துகொண்டே பேசினான்.

"இங்க பாருங்கம்மா, கண்ணுங்கிறது ஒரு பேருதான். தேங்காய்க்குக் கண்ணுங்கிறோம், நுங்குக்குக் கண்ணுங்கிறோம், பாலத்துக்குக்கூட இத்தன கண்ணுங்கிறோம். அதெல்லாம் பாக்கவா செய்யுது?"

"தேங்காக் கண்ணு பாக்காதுன்னு எனக்கும் தெரியும் சார். போர்டுல போட்டிருக்கது எந்தக் கண்ணு?"

நடந்துகொண்டிருந்தவன் நின்றான். பிள்ளைக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து அவள் கண்ணைப் பார்த்தான். வாய் சும்மா இருக்காதே.

"நடுவுல இருக்க கறுப்புக்குப் பாவைன்னு பேரும்மா. எதிர்ல நிக்கிற ஆளு பொம்மை மாதிரி அதுல தெரியும். வெளிநாட்டுக்காரனும் அதுக்குப் பொம்மைன்னுதான் பேரு வச்சான். அந்த ஒண்ணுல மட்டும் ரெண்டு பேரும் ஒரே மாதிரி யோசிச்சிருக்காக."

"ஆமா சார்" என்றாள் அழகம்மாள். "தல சீவி விடுறப்பல்லாம் பாக்குறேன். இவ கண்ணுக்குள்ள நான் தெரியுறேன். இவளுக்குத்தான் என்னயத் தெரியல."

அவன் அப்போதே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். "அடுத்த ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டான்.

அவர்கள் படியிறங்கியதும் பிடித்து வாங்கினேன். "நீயெல்லாம் மனுசனாடா?"

"இல்லண்ணே. அந்தப் பிள்ளைக்கு ராத்திரி பகல் தெரியாமத் தூக்கம் கெட்டுக் கெடக்காம். வெளிச்சம் தெரியாதவுகளுக்கு அந்தச் சுரப்பி நேரம் தப்பித்தான் வேல செய்யும். அது நெசம்ணே. எதாச்சும்..."

"எதாச்சும்னா?"

அந்த வாரம் முழுக்க என் கடைக்கு வருவதும் போவதுமாக இருந்தான். வந்தால் ஒரு ஃப்ரேமை எடுப்பான், மடக்குவான், விரிப்பான், வைத்துவிட்டுப் போய்விடுவான். அழகம்மாளுக்கு போன் போட்டு வரவேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். நம்பரை எடுத்துப் பார்த்துவிட்டு போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான். எனக்கே அந்த வாரம் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு நானும் மாடியில் போய் நின்றேன். பிள்ளைகள் பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெற்றவர்கள் பின்னால் நாற்காலிகளில், ஆளுக்கொரு செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தபடி. அழகம்மாள் நாற்காலியில் உட்காராமல் சுவரோரம் நின்றாள். அருள்பாண்டி கறுப்புத் துணிகளை எடுத்து ஒவ்வொரு பிள்ளைக்கும் கட்டிக்கொண்டே வந்தான். பழக்க தோஷம், அஸ்வினிக்கும் கட்டிவிட்டான்.

"எனக்கு எதுக்கு சார் கட்டுறீக?" என்றாள் அவள்.

யாரோ ஒரு அம்மா களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அருள்பாண்டியின் கை துணி முடிச்சிலேயே நின்றது. பிறகு அடுத்த பிள்ளைக்குப் போனான். அட்டைகள் வந்தன. சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று பிள்ளைகள் படபடவென்று சொன்னார்கள். அஸ்வினி மட்டும் அட்டையை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். முகமெல்லாம் வேர்த்துவிட்டது. அந்தப் பிள்ளை அவ்வளவு முயற்சி பண்ணியது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எஸ்தர், வகுப்பிலேயே கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவள். நல்ல மனசு. புதுப் பிள்ளை திணறுவது பொறுக்காமல் காதோரம் குனிந்தாள். ரகசியம் என்று நினைத்துக்கொண்டு சொன்னது அறை முழுக்கக் கேட்டது.

"முன்னாடி பாக்காத. மூக்குக்கிட்ட சந்து இருக்கும்ல? அதுல பாரு."

"எந்தச் சந்து?" என்றாள் அஸ்வினி.

எல்லாச் செல்போனும் மெல்லக் கீழே இறங்கின. அழகம்மாள் சுவரை விட்டு முன்னால் வந்தாள். சத்தம் போடவில்லை.

"அப்ப இந்தப் பிள்ளைக எல்லாம் கண்ணாலதான் பாக்குதுகளா சார்?"

பெற்றவர்கள் சந்தேகப்பட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று கம்பெனிப் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தது. அவனுக்கு அது மனப்பாடம். அருள்பாண்டி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தான்.

"ஆமாம்மா" என்றான். "கண்ணாலதான்."

அப்புறம் நடந்த அமளியைச் சொல்ல வேண்டியதில்லை. எஸ்தரின் அப்பா சட்டையைப் பிடித்தார். போலீஸுக்குப் போவேன் என்றார் ஒருவர். போர்டு அந்த வாரமே இறங்கியது. இப்போது அவன் பழையபடி மருந்துப் பையோடு டாக்டர் வீடுகளுக்கு அலைகிறான். யார் காலையும் பிடித்து எந்தப் பெயரும் சொல்வதில்லை.

அன்றைக்கு சட்டையை விடுவித்துக்கொண்டு அவன் படியிறங்கி ஓடியது அழகம்மாளைத் தேடித்தான். நானும் பின்னால் ஓடினேன். பஸ் ஸ்டாப்பில் நின்றாள், ஆரப்பாளையம் போகிற டவுன் பஸ்ஸுக்கு.

"ரெண்டு திட்டு திட்டிட்டாவது போங்கம்மா" என்றான்.

"திட்டி என்ன சார் ஆகப்போகுது? டாக்டருக முடியாதுன்னு சொன்னப்ப ஒரு தடவ அழுது முடிச்சேன். அது ஆறிப்போச்சு. இப்ப மறுபடியும் மொதல்லருந்து அழ வச்சுட்டீகளே."

எனக்கு அவனை ஓங்கி அறைய வேண்டும் போலவும் இருந்தது, தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. பஸ் வந்தது. தாயும் மகளும் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். அஸ்வினி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினாள்.

"சார், அந்தப் பிள்ள சந்துல பாருன்னுச்சே. சந்துல பாத்தா என்ன சார் தெரியும்?"

அவன் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றான்.

"தரை தெரியும்மா. கையில இருக்க அட்டையில ஒரு ஓரம், கொஞ்சம் தரை."

"அம்புட்டுத்தானா?" என்றாள் அஸ்வினி.