கேட்காமல் அடித்த ஆணி

இணையம் ஓடிக்கொண்டிருக்கும்வரை எங்களை யாருக்கும் தெரியாது. நின்றுபோனால் எங்கள் குலம் கோத்திரம் வரை விசாரிப்பார்கள். மோடத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்துப் பல்லைக் கடித்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்மவர்தான். நீங்கள் திட்டிய லைன்மேன்களில் நானும் ஒருவன். பன்னிரண்டு வருஷம் சென்னையில் திட்டு வாங்கிவிட்டு, போன வருஷம் கேரள எல்லையோரத்து நெய்யாற்றின்கரைக்கு மாற்றலாகி வந்தேன்.

வந்த முதல் வாரமே, வளசரவாக்கத்தில் இருக்கும் என் மனைவி சொன்னபடி, திரும்பவும் சென்னைக்கே மாற்றக் கேட்டு மனு அனுப்பினேன். சின்ன ஊர், சீக்கிரம் கடை அடைத்துவிடுகிறார்கள், போகிற இடமெல்லாம் கேள்வி கேட்கிறார்கள் என்றெல்லாம் மனுவில் எழுத முடியாதே. 'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதினேன்.

வீட்டு நம்பர்

முதல் புகார் பாறசாலையிலிருந்து வந்தது. கையிலிருந்த தாளில் வீட்டுப் பெயர் மட்டும்தான். அதே பெயரில் அந்த வட்டாரத்தில் நாலு வீடு. சாயாக்கடையில் நம்பரைச் சொல்லி விசாரிக்கலாம் என்றால் நம்பரே இல்லை. கடைக்காரரோ என் ஊர் எது, எங்கே தங்கியிருக்கிறேன், சாப்பாட்டுக்கு என்ன வழி, சம்சாரம் ஏன் கூட வரவில்லை என்று வரிசையாகக் கேட்டார். சென்னையில் ஒரே அடுக்குமாடிக்குப் பத்து வருஷம் போயிருக்கிறேன். அங்கே செக்யூரிட்டி ஒருநாள்கூட என் பெயரை நோட்டில் சரியாக எழுதியதில்லை. இவர் கேட்ட கேள்விகள் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தன.

எல்லாம் கேட்டு முடித்ததும் மனிதர் கடையை அப்படியே போட்டுவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். கால் மணி நேரம் நடந்து சரியான வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். கடையை யார் பார்ப்பார்கள் என்றேன். சாயா குடிக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார். நானும் விடாமல், வீட்டுக்கு வீடு நம்பர் எழுதி வைத்தால் உங்களுக்கு இந்த நடை மிச்சம்தானே என்றேன்.

"நம்பரு பஞ்சாயத்துல இருக்கும் மக்கா. எங்களுக்கு ஆளைத் தெரியும், அது போராதா?"

ரகசியம்

மனு அனுப்பிய விஷயம் ஸ்டான்லிக்கு மட்டும்தான் தெரியும். ஸ்டான்லி என்னோடு ஏணி தூக்குகிறவர். காஞ்சிரங்குளத்துக்காரர், அவர் அப்பாவுக்குக் கடல்வேலை. யாரிடமும் மூச்சுவிட மாட்டேன் என்று சத்தியம் செய்தார். சத்தியத்தை மீறவில்லை என்றுதான் இன்றும் சொல்கிறார். தன் மனைவி 'யாரோ' இல்லையாம். மூன்றாம் நாள் என் பைக் பஞ்சராகி பஸ் ஏறினால், கண்டக்டர் டிக்கெட்டைக் கொடுத்துக்கொண்டே சென்னையில் இப்போது தண்ணீர்க் கஷ்டம் எப்படி என்று விசாரிக்கிறார்.

அன்றைக்குப் போனது ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வீட்டுக்கு. வேலை முடிந்ததும் உட்கார வைத்து மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் வைத்தார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. நான் கை கழுவியதும் விஷயத்துக்கு வந்தார்.

"போறதுன்னா போவும், ஆரும் பிடிச்சு வைக்கல்ல. அதுக்கு முன்ன எனக்க மாடிக்கு ஒரு ஒயரு இழுத்துத் தந்துட்டு போவும்."

ஆணி

இது என் தப்பு. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளறடைப் பக்கம் ஷீஜா என்ற நர்ஸின் வீட்டுக்கு நான்தான் கேபிள் இழுத்துக் கொடுத்திருந்தேன். ரோட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் தங்கப்பன் அண்ணன் என்பவருடைய ரப்பர்த் தோட்டம். பட்டணத்துக்காரன் கண்ணுக்கு, நிமிர்ந்து நிற்பதெல்லாம் போஸ்ட்தானே. யாரையும் கேட்காமல் மூன்று ரப்பர் மரத்தில் ஆணி அடித்துக் கேபிளைக் கொண்டுபோனேன். ஆணி ஏறிய இடத்தில் பட்டை கெட்டு, பாலெடுக்கச் சீவுகிற பால்வெட்டு பாழாகும் என்பதோ, பிறகு மரத்தை விற்கும்போது ரம்பத்தின் பல் போய்விடும் என்று அறுப்பு மில்லில் வாங்கமாட்டார்கள் என்பதோ எனக்குத் தெரியாது.

ஒருநாள் காலையில் தங்கப்பன் அண்ணன் அந்த ஆணிகளைப் பார்த்துவிட்டார். மூன்றையும் பிடுங்கி, கேபிளைச் சுருட்டி ரோட்டோரம் வைத்துவிட்டார். இறுக்கிச் சுருட்டியதில் உள்ளே இருக்கும் கண்ணாடி இழை முறிந்துபோனது. அன்றைக்குத்தான் மூன்று மணிக்கு ஷீஜாவுக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து வீடியோ இன்டர்வியூ. இரண்டு வருஷம் அந்த நாட்டுப் பாஷையைப் படித்து வாங்கிய அழைப்பு. செல்போனை நம்பவும் முடியாது. அந்த இடத்தில் சிக்னல் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவே ஊஞ்சலாடும். அவள் கூப்பிட்டு நான் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. புதுக் கேபிள் இழுக்கக் குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும். அந்தப் பெண் அழவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்கு அழுதிருந்தாலே தேவலை.

தங்கப்பன் அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். அவர் உள்ளங்கையில் மூன்று ஆணியையும் வைத்துக் காட்டினார். மன்னிப்புக் கேட்டேன். இன்டர்வியூ விஷயத்தைச் சொல்லும்போது நாக்குக் குழறியது, ஏனென்றால் எல்லைக்கல் தகராறில் அவருக்கும் ஷீஜாவின் அப்பாவுக்கும் ஒன்பது வருஷமாகக் கோர்ட்டும் கேஸும்தான், பேச்சுக் கிடையாது. இன்டர்வியூ இன்றைக்கு என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியுமாம். அது அந்தக் கேபிள் வழியாகத்தான் என்பதுதான் தெரியாதாம். தன் வீட்டு மோடத்தைத் திரும்பிப் பார்த்தார். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உடனே மனைவியை அனுப்பிப் பெண்ணை அழைத்துவரச் சொன்னார்.

மூன்று மணிக்கு ஷீஜா அவர் வீட்டு முன்னறையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். நாய் பின்கட்டுக்குப் போனது, மிக்ஸி நின்றது. வளைவில் ஹாரன் அடிக்கக்கூடாது என்று ஆட்டோக்காரர்களுக்கும் சொல்லியாகிவிட்டது. தங்கப்பன் அண்ணன் படியில் காவல் உட்கார்ந்தார். ஷீஜாவின் அப்பா கேட்டுக்கு வெளியே, வெயிலில், நாற்பது நிமிஷம் நின்றார். இருவரும் ஒருவரையொருவர் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவள் சிரித்த முகத்தோடு வெளியே வந்தபோது எனக்குத்தான் போன உயிர் திரும்பி வந்தது. அந்தச் சந்தோஷத்தில், இனியாவது நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளலாமே என்று உளறிவிட்டேன்.

"பிள்ளை பேசதுக்கு ரூம் குடுத்தேன், அவ்வளவுதான். எனக்கும் அவனுக்கும் உள்ள கேஸு கோர்ட்டுல அப்பிடியே கெடக்கட்டு."

மனுவுக்குப் பதில்

அடுத்த மாதம் ஆபீஸிலிருந்து போன். சென்னையில் இடம் காலியாம். சம்மதமா இல்லையா என்று சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும். அப்போது நான் தங்கப்பன் அண்ணனின் தோட்டத்து ஓரத்தில், இந்த முறை அவரிடம் கேட்டுவிட்டு, போஸ்ட் நட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் போஸ்ட்டும் அவரே வெட்டிக் கொடுத்த கமுகுத்தடிதான். கேட்டால் இவ்வளவு தாராளமாகக் கொடுக்கிறவரிடம் கேட்காமல் போனேனே என்று வெட்கமாக இருந்தது.

ஷீஜா சாயாவோடு வந்தாள். வேலை கிடைத்துவிட்டது, இந்த மாதக் கடைசியில் விமானம். என் மாற்றல் விவரம் எனக்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது. ஸ்டான்லிக்குத்தான் மனைவி உண்டே. போகவேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அவளே ஊரைவிட்டுப் போகிறவள்தானே. சாயா டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டு சொன்னாள்.

"நான் போனா அம்மை எனக்க மொகத்தைப் பாக்கது இந்த ஒயரு வழியாட்டாக்கும் அண்ணா. இது அறுந்தா ஆரை விளிக்கணும்னு அம்மை கேட்டா. ஒங்க பேரைத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன்."

அன்று சாயங்காலம் சென்னை வேண்டாம் என்று ஆபீஸுக்குச் சொன்னவன், நெய்யாற்றின்கரைக்கு வந்துவிடச் சொல்லி மனைவியிடம் மனு போட்டிருக்கிறேன். காரணம் என்ற இடத்தில் மறுபடியும் 'குடும்பச் சூழ்நிலை' என்றுதான் எழுத வேண்டியிருந்தது.